மதிய உணவுக்கு ஃப்ரோசன் டயட் பெட்டியா, வீட்டுச் சமையலா? நாளைக்குள் முடிவெடுக்க வேண்டும்

புதுவரவு:
அனைவருக்கும் வணக்கம். வேலையில் சேர்ந்து இன்னும் ஒரு மாதம்கூட நிறையவில்லை. விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டியிருப்பதால், கடையில் கிடைக்கும் ஃப்ரோசன் டயட் உணவுப் பெட்டிகளை ஒரு வாரத்துக்கு மொத்தமாக வாங்கி வைத்து மதியத்தில் சாப்பிட்டு வருகிறேன். ஒவ்வொன்றும் 280 கலோரி, கொழுப்புக் குறைவு என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பித்தான் வாங்கினேன். ஆனால் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி பசி வயிற்றைக் கிள்ளுகிறது. நேற்றுப் பிற்பகல் தலைசுற்றி, வேலைக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேற்பார்வையாளர் வந்து பார்த்து ஏதோ குறித்துக்கொண்டு போனார். தகுதிகாண் காலம் முடியாத நிலையில் இது எங்கே போய் நிற்குமோ என்ற கவலையில் தூக்கமே வரவில்லை. கிளம்பும் முன் ஊரில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாக வேறு சொல்லியிருந்தார்கள். இந்தப் பெட்டிகளையே தொடரலாமா, அல்லது எப்பாடுபட்டாவது சமைத்துக் கட்டிச் செல்ல வேண்டுமா? நாளை மாலை கடைக்குப் போவதற்குள் யாராவது ஒரு வழி சொல்லுங்கள்.

எடிசன்காரன்:
தம்பி, முதலில் பதற்றத்தை விடுங்கள். நான் நியூஜெர்சிக்கு வந்த புதிதில் தங்கியிருந்த விடுதி அறையில் அடுப்பே கிடையாது. ஒரு சிறிய மைக்ரோவேவும், இரவெல்லாம் உறுமுகிற ஒரு ஃப்ரிட்ஜும்தான் என் சமையலறை. லீன் குசீன் என்ற ஃப்ரோசன் டயட் பெட்டிகள் இல்லையென்றால் அந்தக் குளிர்காலத்தை நான் கடந்திருக்க மாட்டேன். 1981 முதல் விற்பனையில் உள்ள பெயர் அது. அதே போன்ற இன்னொரு பெட்டியான ஹெல்தி சாய்ஸ் என்பதோ, கோனாக்ரா நிறுவனத்தின் தலைவராக இருந்த மைக் ஹார்ப்பர் மாரடைப்புக்குப் பிறகு தன் சாப்பாட்டை மாற்றிக்கொண்டபோது உருவான எண்ணம். ஆகவே இவற்றைக் குப்பை என்று ஒரே அடியாக ஒதுக்குபவர்களின் பேச்சைக் காதில் வாங்க வேண்டாம். சோடியம் 600 மில்லிகிராமைத் தாண்டாமலும், புரதம் 15 கிராமுக்குக் குறையாமலும் பார்த்து எடுங்கள், அது போதும். சமைக்கிறேன் என்று இறங்கினால் மாலைப் பொழுது முழுவதும் அடுப்படியில் போய்விடும். அந்த நேரத்தில் ஓட்டுநர் உரிமத்துக்குப் படிக்கலாம், இதைவிட நல்ல வேலைக்கு விண்ணப்பிக்கலாம்.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
மேலே எழுதியவரின் யோசனையை நான் ஏற்கவில்லை. இங்கே இலண்டனில் பொட்டலத்தின் முகப்பிலேயே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டுக் காட்டுவார்கள்; கொழுப்புக்கும் சர்க்கரைக்கும் பச்சை வாங்கிய டயட் பெட்டிகூட உப்பில் மஞ்சளாகவே நிற்கும். நாள் முழுவதற்கும் ஆறு கிராம் உப்பு என்பது இங்குள்ள வரம்பு. அப்படியிருக்க ஒரு வேளைக்கு ஒன்றரை கிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் முறை. 600 வரை போகலாம் என்று ஒருவர் தாராளமாகச் சொல்வதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. நான் முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்த்த முதல் ஆண்டில் கடைச் சாப்பாட்டிலேயே காலம் தள்ளினேன். பிறகு வந்த இரத்த அழுத்தம் இன்றுவரை மாத்திரையை விடவில்லை. வீட்டில் ஒரு கைப்பிடி சோறும் பருப்பும் கட்டிக்கொண்டு போவதற்கு ஈடு எதுவும் கிடையாது, தம்பி.

மார்க்கம் ரோட்டு ஐயா:
பிள்ளை, எண்பதுகளின் கடைசியில் நாங்கள் கனடாவின் ஸ்கார்பரோவுக்கு வந்து இறங்கியபோது தேங்காய்ப்பூவுக்கும் கறிவேப்பிலைக்கும் அலைந்த அலைச்சல் இன்றைய தலைமுறைக்குத் தெரியாது. ஒரே அடுக்ககத்தில் எட்டுப் பேர் இருந்தோம்; முறை வைத்துச் சமைத்தோம்; பாணும் (ரொட்டி) பருப்பும் கட்டிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனோம். ஒரு பனிக்காலத்தில் என்னுடன் வேலை செய்தவர் காரிலேயே சாப்பாட்டை வைத்துவிட்டு வந்து, மதியம் போய் எடுத்தால் சோறு கல்லாக இறுகிக் கிடந்தது. கரண்டியின் பிடி வளைந்ததே தவிர ஒரு பருக்கை பெயரவில்லை. இன்று நீங்கள் அரிசி மாப் புட்டைக்கூட ஃப்ரோசனாக வாங்கலாம். எனவே சமைக்கப் பழகுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. அது சரி, நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே? எடிசன் தம்பி பரிந்துரைக்கும் லீன் குசீனை இங்கே கனடாவில் தேடினால் கிடைக்காது. அதைத் தயாரிக்கும் நெஸ்லே நிறுவனம் இந்த நாட்டில் தன் ஃப்ரோசன் உணவு வியாபாரத்தை முடித்துக்கொள்வதாக 2023இலேயே அறிவித்துவிட்டது.

புதுவரவு:
அவசரத்தில் முக்கியமானவற்றை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. நான் கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் பிராம்டனில் இருக்கிறேன். தம்பி அல்ல, தங்கை. எனக்குச் சமைக்கத் தெரியும். சிக்கல் வேறு. பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். பொதுச் சமையலறையில் அடுப்பை மாலை ஏழு முதல் ஒன்பது வரைதான் பயன்படுத்தலாம் என்பது வீட்டுக்காரரின் நிபந்தனை. காலையில் கெட்டிலையும் மைக்ரோவேவையும் தொடலாம், அடுப்பைத் தொடக்கூடாது. ஃப்ரீசரில் ஒரு தட்டு என்னுடையது. வேலை ஒரு கிடங்கில், நின்றும் நடந்தும் பொருள் எடுத்துக் கொடுப்பது. அங்கே தொழிலாளர்களுக்கு ஃப்ரிட்ஜ் கிடையாது. ஒரு ஷிப்டுக்கு இரண்டு மைக்ரோவேவ். இடைவேளை அரை மணி நேரம். சர்க்கரைப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 5.9 சதவீதம் என்று இருந்தது. முட்டை சாப்பிடுவேன், இறைச்சி சாப்பிடுவதில்லை.

எடிசன்காரன்:
மன்னிக்கவும், தங்கச்சி. ஆனால் 5.9 என்றால் நீங்கள் ஏற்கெனவே நீரிழிவின் முந்தைய கட்டத்தில் இருக்கிறீர்கள். இங்கே 5.7 முதல் 6.4 வரை அந்தக் கணக்கில்தான் சேரும். அப்படியானால் கலோரியை அளந்து போட்ட பெட்டிதான் உங்களுக்குப் பாதுகாப்பு. வீட்டுச் சோற்றை யார் அளந்து போடுகிறார்கள்?

மார்க்கம் ரோட்டு ஐயா:
கனடாவில் அந்தக் கட்டம் 6.0இல்தான் தொடங்குகிறது. 5.9 என்பது கவனமாக இருக்க வேண்டிய நிலை, அவ்வளவுதான். பிள்ளையை வீணாகப் பயமுறுத்த வேண்டாம்.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
எண் எதுவாக இருந்தாலும் நம்மவர்கள் மெலிந்த உடம்போடு இருக்கும்போதே சர்க்கரை வந்துவிடுகிறது என்பதை மறக்க வேண்டாம். தெற்காசியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு (பிஎம்ஐ) 23ஐத் தொட்டாலே கவனிக்கச் சொல்கிறார்கள், மற்றவர்களுக்கு 25.

நள்ளிரவு ஷிப்டு:
எல்லோரும் எண்களைப் பேசுகிறீர்கள். மைக்ரோவேவ் அறையில் நடப்பதை யாரும் பேசவில்லை. சாம்பாரைச் சூடாக்கினால் மூக்கைச் சுளிப்பவர்கள், தங்கள் மீனைச் சூடாக்கும்போது மட்டும் சன்னலைக் கூடத் திறப்பதில்லை. எங்கள் இடத்தில் "வாசனை வரும் உணவைத் தவிர்க்கவும்" என்று ஒரு தாள் ஒட்டினார்கள். யாரை நினைத்து ஒட்டியது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நான் ரொட்டித் துண்டுக்கு மாறிவிட்டேன். அரை மணி நேரத்தில் பதினைந்து நிமிடம் வரிசையிலேயே போய்விடுகிறது; அந்த அரை மணிக்கும் சம்பளம் கிடையாது.

மார்க்கம் ரோட்டு ஐயா:
சம்பளம் இல்லை என்பது உண்மைதான். ஒன்டாரியோ சட்டப்படி ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ச்சியாக வேலை வாங்காமல் அரை மணி நேரம் சாப்பிட விட வேண்டும், ஆனால் அதற்கு ஊதியம் கொடுக்கும் கட்டாயமில்லை. எங்கள் காலத்தில் அதையும் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இப்போதைய வீட்டுக்காரர்கள் அடுப்புக்கு நேரம் குறிக்கிறார்கள் என்பதைக் கேட்டால் வயிறு எரிகிறது. நாங்களும் பேஸ்மென்டில்தான் இருந்தோம். ஆனால் வீட்டுக்கார அம்மா...

கிச்சனர் கமலம்:
ஐயா, குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் நாளைக்குக் கடைக்குப் போக வேண்டும். நான் மருத்துவமனைச் சமையற்கூடத்தில் வேலை செய்கிறேன். அதற்கு முன் கிடங்கிலும் நின்றிருக்கிறேன்.

தங்கச்சி, வேலை நேரத்தில் தலைசுற்றி உட்கார்ந்ததற்குப் பசிதான் காரணம் என்று நாம் யாரும் இங்கிருந்து முடிவு செய்யக்கூடாது. இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள், 5.9 என்ற தாளையும் கொண்டு போங்கள். ஒன்டாரியோவில் சமூக நல மையங்களில் உணவியல் ஆலோசகரைக் கட்டணமின்றிப் பார்க்கவும் வழியுண்டு. உங்கள் பகுதி மையத்தில் கேட்டுப் பாருங்கள்.

எடிசன் அண்ணாவும் இலண்டன் அக்காவும் உப்பைப் பற்றிச் சண்டையிடவே தேவையில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் அட்டையில் சோடியத்தைப் போடுகிறார்கள், இங்கிலாந்தில் உப்பைப் போடுகிறார்கள். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 600 மில்லிகிராம் சோடியம் என்பதும் ஒன்றரை கிராம் உப்பு என்பதும் ஒன்றேதான். இன்னொன்றையும் கவனியுங்கள். கனடாவில் 2026 ஜனவரி 1 முதல் சோடியமோ சர்க்கரையோ கெட்ட கொழுப்போ மிகுந்த பொட்டலத்தின் முகப்பில் பூதக்கண்ணாடிச் சின்னம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் முழு வேளை உணவுப் பெட்டிகளுக்கு அந்த வரம்பு கொஞ்சம் தளர்வானது, ஒரு நாளைக்கான அளவில் 30 சதவீதம், அதாவது 690 மில்லிகிராம் சோடியம். எனவே 650 உள்ள பெட்டியில் சோடியத்துக்கான சின்னம் இருக்காது. அதனால் உப்புக் குறைவு என்று எண்ணிவிடக்கூடாது.

இதையெல்லாம்விட உங்கள் கேள்வியை முடித்து வைப்பது அந்த ஃப்ரிட்ஜ் இல்லாத கிடங்குதான். ஃப்ரோசன் பெட்டியைச் சமைக்கும் வரை உறைந்த நிலையில் வைத்திருக்க வேண்டும். விடியற்காலையில் பையில் போட்டு மதியம் எடுத்தால் ஓரம் இளகி, நடு மட்டும் கட்டியாக இருக்கும். நான்கு முதல் அறுபது டிகிரி செல்சியஸ் வரையிலான இடைப்பட்ட சூட்டில் உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது எங்கள் கூடத்தில் சுவரிலேயே எழுதியிருக்கும் விதி. அது போதாதென்று, அந்தப் பெட்டி வேக நான்கைந்து நிமிடம் ஆகும். இரண்டே மைக்ரோவேவ், முன்னால் பத்துப் பேர் என்றால் அரை மணி நேரத்தில் எதைச் சாப்பிடுவது? அட்டையில் எழுதியிருப்பது எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்கள் இடத்துக்கு அது பொருந்தாது. தவிர, நாள் முழுவதும் நடந்து வேலை செய்பவருக்கு 280 கலோரி ஒரு வேளைச் சாப்பாடே அல்ல. மேசையில் உட்கார்ந்திருப்பவரை மனத்தில் வைத்துச் செய்தது.

நாளை வாங்க வேண்டியது வாயகன்ற சாப்பாட்டுத் தெர்மோஸ் ஒன்று. காலையில் கெட்டிலில் கொதித்த நீரை அதில் ஊற்றி மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். அதற்குள், முந்தைய இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றி வைத்த உணவை மைக்ரோவேவில் ஆவி பறக்கச் சூடாக்குங்கள். இடையில் ஒருமுறை கிளறிவிட்டு, உள்ளே 74 டிகிரி ஏறியிருக்க வேண்டும். நீரைக் கொட்டிவிட்டுத் தளும்ப நிரப்பி மூடுங்கள். பாதி நிரப்பினால் சூடு நிற்காது. மதியம் வரிசையில் நிற்க வேண்டாம். மூக்கைச் சுளிப்பவர்களின் அருகே உட்காரவும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் இரண்டு மணி நேர அடுப்பில் மைசூர் பருப்பையும் ஒரு காய்கறிக் கூட்டையும் கெட்டியாகச் செய்துவிடலாம். மைசூர் பருப்பு ஊறவைக்காமலே இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் விளைவது என்பதால் இங்கே மலிவும்கூட. வெந்த பருப்பு ஒரு கோப்பையில் சுமார் 18 கிராம் புரதம் உண்டு, எடிசன் அண்ணா சொன்ன 15ஐத் தாண்டிவிட்டது. காய்க்கு, உப்போ சாஸோ சேர்க்காத வெறும் ஃப்ரோசன் பீன்ஸும் கீரையும் வாங்குங்கள். ஃப்ரோசன் என்பதாலேயே எதுவும் கெட்டதாகிவிடாது. பறித்தவுடன் வெந்நீர் காட்டி உறைய வைத்த காய், கடையில் வாடிக் கிடக்கும் பச்சைக் காயைவிட நன்றாகவே இருக்கும். சோற்றை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். வெந்த சோற்றைப் பானையிலேயே இரவெல்லாம் விட்டால் அதில் பிழைத்திருக்கும் பாக்டீரியா வித்துகள் பெருகி, பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் போகாத நஞ்சை விட்டுவிடும். அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, உடனே சிறு டப்பாக்களில் ஃப்ரீசரில் வையுங்கள். உங்களுக்கு ஒரு தட்டுதான் என்பதால் தட்டையான டப்பாக்களாக வாங்குங்கள், அடுக்க இடம் கிடைக்கும்.

வீட்டுச் சாப்பாடு என்றாலே ஆரோக்கியம் என்று மேலே பலர் எழுதியிருப்பதில் எனக்கு முழு உடன்பாடில்லை. முக்கால் டப்பா வெள்ளைச் சோறு, அதன்மேல் உருளைக்கிழங்கு, ஓரத்தில் ஊறுகாய் என்று நாம் கட்டுவது அந்தப் பெட்டியைவிட உப்பிலும் மாவுச்சத்திலும் மோசமாகப் போகலாம். ஒரு தேக்கரண்டி உப்பிலேயே சுமார் 2300 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு அதுவே உச்சம். கனடிய உணவு வழிகாட்டி சொல்கிறபடி பாதி காய், கால் பருப்போ முட்டையோ, கால் பங்கு சோறு என்று வையுங்கள். புழுங்கலரிசி இருந்தால் நல்லது.

புதுவரவு:
மிக்க நன்றி, கமலம் அக்கா. அவித்த முட்டையைத் தெர்மோஸிலேயே போடலாமா? பிற்பகல் பசிக்கு எதைக் கையில் வைத்துக்கொள்வது?

கிச்சனர் கமலம்:
முட்டையை ஓட்டோடு தனி டப்பாவில், ஐஸ் பேக்குடன் எடுத்துச் செல்லுங்கள். தெர்மோஸில் போட வேண்டாம். தயிர்சாதத்துக்கும் அதே ஐஸ் பேக்தான். பிற்பகலுக்கு ஒரு ஆப்பிளும், வறுத்த கடலை ஒரு கைப்பிடியும் சட்டைப்பையிலேயே கெடாமல் இருக்கும். உப்புப் போடாத கடலையாகப் பாருங்கள். மீதமிருக்கும் டயட் பெட்டிகளை எறிந்துவிட வேண்டாம். அடுப்பு நேரத்தைத் தவறவிட்ட இரவுகளில் ஒரு கோப்பைப் பருப்போடு சேர்த்துச் சாப்பிடலாம்.

எடிசன்காரன்:
அந்தத் தெர்மோஸ் என்ன அளவில் வாங்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள், அக்கா. எனக்கும் ஒன்று வேண்டும்.

கிச்சனர் கமலம்:
அரை லிட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். மூடியில் உள்ள ரப்பர் வளையம் கழற்றிக் கழுவக்கூடியதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள்.