டிப்ளமோ கம்ப்யூட்டர் படிச்சவங்க, இப்போ என்ன பண்றீங்க?

மதுரைக்காரன்:
பத்தாவது முடிச்சதும் அரசு பாலிடெக்னிக், கம்ப்யூட்டர் இன்ஜினியரிங். லேபில் அப்போ சி புரோகிராம் எழுதி ஓட்ட டர்போ சி. நீலத் திரை, கன்ட்ரோல் எஃப்9 அடிச்சா ஓடும், ஆல்ட் எஃப்5 அடிச்சாதான் விடை தெரியும். பிராக்டிகலில் சீட்டு எடுத்து ஃபேக்டோரியல் (1-லிருந்து அந்த எண் வரைக்கும் பெருக்குறது) வந்தா கொண்டாட்டம்தான். 5 கொடு, 120 காட்டு, கையெழுத்து வாங்கு, கிளம்பு. ரெக்கார்ட் நோட்டிலும் எல்லாருக்கும் அதே 120.

எனக்கு வந்த எக்ஸ்டர்னல், அதாவது வெளி காலேஜ் எக்ஸாமினர், வேற ரகம். "8 போடுப்பா"ன்னார். 40320 வரணும், வந்தது மைனஸ் 25216. லேப் அசிஸ்டென்ட் பதறிப்போய் "சிஸ்டம் கோளாறு சார்"னார். எக்ஸ்டர்னல் சிரிச்சுட்டே, "முழு எண் வைக்கிற int டைப்புக்கு இங்க 16 பிட் இடம்தான், 32767 தாண்டினா சுத்திக்கிட்டு மைனஸுக்குப் போயிரும். பெரிய எண் தாங்குற long டைப் போட்டு ஓட்டு"ன்னார். ஓட்டினேன், சரியா வந்தது. மூணு வருஷத்தில் கம்ப்யூட்டருக்குள்ள என்ன நடக்குதுன்னு ஒருத்தர் சொல்லிக் கொடுத்தது அந்த அஞ்சு நிமிஷம்தான். (மத்த நேரம் ஃப்ளோசார்ட்டுக்கு ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டோம்.)

வேலை விஷயம் கேட்டீங்கன்னா, கேம்பஸுக்கு வந்ததெல்லாம் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பசங்களைத் தேடி. எங்களுக்கு கால் சென்டர். சாஃப்ட்வேர் விளம்பரத்தில் "எனி டிகிரி"ன்னு போட்டிருக்கும், நம்ம டிப்ளமோ அதில் சேராது. ஒரு சர்வீஸ் கடையில் ஃபார்மேட் அடிக்கிற வேலையில் சேர்ந்தேன். ஜவுளிக்கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட ஆள் கேட்டாங்க, விஷுவல் பேசிக்கில் எழுதிக் கொடுத்தேன். அதைக் காட்டித்தான் சென்னையில் அடுத்த வேலை. இப்போ நானே இன்டர்வியூ எடுக்கிறேன். டிகிரியோ டிப்ளமோவோ, அந்த "8 போடு" கேள்வியை ஏதாவது ஒரு ரூபத்தில் கேட்டுருவேன்.

கோவை அக்கா:
தம்பி சொன்ன "எனி டிகிரி" எரிச்சல் எனக்கும் இருந்தது, அதனால டிப்ளமோக்காரங்க பி.இ.-ல சேருற லேட்டரல் என்ட்ரி. கவுன்சலிங் காரைக்குடி அழகப்பா செட்டியார் காலேஜில். அப்பாவும் நானும் ராத்திரி பஸ் ஏறிப் போனோம். நேரா பி.இ. ரெண்டாம் வருஷம்.

லேபில் நாங்கதான் ராஜா. டேட்டா ஸ்ட்ரக்சர், ஜாவா எல்லாம் டிப்ளமோவிலேயே கை பழகிடுச்சு, பன்னெண்டாவதிலிருந்து வந்தவங்க எங்க ஸ்கிரீனை எட்டிப் பார்ப்பாங்க. கணக்குதான் கண்ணைக் கட்டிடும். முதல் வருஷக் கணக்கைப் படிக்காமலே மூணாவது செமஸ்டரில் ஃபூரியர் சீரிஸ் முன்னாடி நிப்போம். என்கூட வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு முதல் அரியரே அதுதான். சேருறவங்க அந்த லீவிலேயே இன்டெக்ரேஷனைப் பார்த்து வெச்சுக்குங்க. வேலை டெஸ்டிங்கில் கிடைச்சது, அப்புறம் டெவலப்மென்டுக்கு மாறிட்டேன்.

தென்காசி:
எங்க பக்கம் சோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துற சோஹோ ஸ்கூல்ஸ் இருக்கு. 2005-ல் சென்னையில் ஆரம்பிச்சது. பன்னெண்டாவதோ டிப்ளமோவோ முடிச்சவங்களை எடுப்பாங்க. ஃபீஸ் கிடையாது, மாசாமாசம் உதவித்தொகை உண்டு. என் அத்தை பையன் டிப்ளமோ முடிச்சுட்டு அதில்தான் போனான், இப்போ அங்கேயே டெவலப்பர். அது அமையலைன்னா சென்னை தரமணியில் இருக்கிற அப்ரன்டிஸ் (தொழில் பழகுநர்) போர்டில் பதிஞ்சு வைங்க. டிப்ளமோக்காரங்களை டெக்னீஷியன் அப்ரன்டிஸா எடுக்கிறாங்க, ஒரு வருஷம் ஸ்டைபண்ட் வரும். அப்ரன்டிஸா கிடைக்கிற வேலை பெரும்பாலும் நெட்வொர்க், சிஸ்டம் அட்மின் பக்கம், கோடிங் குறைவு. அதைத் தெரிஞ்சுக்கிட்டே போங்க.