வெள்ளைக் கோட்டில் தெரிவது ஃப்ரேமா, டயரா? (ஒரு சைக்கிள் குழுவில் நடந்த உரையாடல்; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

50-34
இரண்டு கார்பன் சைக்கிள் ஃப்ரேம். இரண்டும் 54 சைஸ், இரண்டும் டிஸ்க் பிரேக். ஒன்று ரேஸ் வகை, மற்றது நெடுந்தூரம் ஓட்டுவதற்கான எண்டியூரன்ஸ். ஈ.சி.ஆரில் ஸ்பீடு பிரேக்கருக்கு முன்னால் அடுக்கடுக்காகத் தடித்த வெள்ளைக் கோடு போட்டிருப்பார்களே, அதுதான் சோதனைக்களம். வேகம் 30. ரேஸ் ஃப்ரேமில் ‘ட்ர்ர்ர்’ என்று மணிக்கட்டில் தொடங்கிக் கடைவாய்ப்பல் வரை ஏறுகிறது. எண்டியூரன்ஸில் ‘தொப் தொப்’ என்று நாலு சத்தம், அவ்வளவுதான்.

ரேஸில் 25 மி.மீ. டயர், காற்றழுத்தம் 95 பி.எஸ்.ஐ. எண்டியூரன்ஸில் 30 டயர், 62. சக்கரங்களை மாற்றிப் போட்டதும் கைக்கு வந்த அதிர்வு அப்படியே இடம் மாறிவிட்டது. ஆனால் சீட்டில் மாறவில்லை! 30 டயர் ஏறிய பிறகும் ரேஸ் ஃப்ரேம் பின்பக்கத்தை அறைகிறது. இந்த ஒன்றுதான் உறுத்துகிறது.

ஸ்போக் கீ
சீட்டைத் தாங்கும் குழாய் இருக்கிறதே, சீட்போஸ்ட், அதன் விட்டம் என்ன, ஃப்ரேமுக்கு வெளியே எவ்வளவு தெரிகிறது? அதைச் சொல்லாமல் ஃப்ரேமைப் பேசி என்ன பயன்?

50-34
ரேஸ்: 31.6, வெளியே 110 மி.மீ. எண்டியூரன்ஸ்: 27.2, வெளியே 170. இரண்டும் கார்பன் போஸ்ட்.

ஸ்போக் கீ
அப்புறம் என்ன? ஒரு பக்கம் பிடித்த குழாய் வளைவது நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப. 110-க்கு பதில் 170 என்றால் மூன்றரை மடங்குக்கு மேல் வளையும். சுவர் கனம் ஒன்றென்றால் 31.6-ஐவிட 27.2 மேலும் ஒன்றரை மடங்கு. பெருக்கினால் ஐந்து மடங்கைத் தாண்டும். சீட்டில் உங்களை அறைவது ஃப்ரேம் இல்லை, போஸ்ட்.

இரண்டு முக்கோணத்தை ஒட்டவைத்த கூட்டை மேலும் கீழுமாக வளைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. கம்பெனிகளுக்கே இது தெரியும். 2012-ல் டிரெக் கம்பெனியின் டொமேன் சைக்கிளில் சீட் டியூபை (போஸ்ட் இறங்கும் குழாய்) டாப் டியூபிலிருந்து (மேல் குழாய்) பிரித்து அச்சில் மாட்டியது எதற்கு? சீட் டியூபும் போஸ்ட்டும் சேர்ந்து கூடுதலாக வளையட்டும் என்றுதான். ஸ்பெஷலைஸ்ட் கம்பெனியின் ரூபேயில் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்முக்கு அடியில் 20 மி.மீ. அசையும் ஸ்பிரிங்கையே வைத்துவிட்டார்கள்.

டயரையும் அச்சடித்த எண்ணை நம்பி ஒப்பிடாதீர்கள். 25 என்று போட்ட டயர் 21 மி.மீ. உள்ளகல ரிம்மில் 27-ஐத் தொடும். வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு பம்பின் மீட்டர் 5, 6 பி.எஸ்.ஐ. வித்தியாசம் காட்டுவது சாதாரணம், அதனால் ஒரே பம்ப். காலை 28 டிகிரியில் 80 பி.எஸ்.ஐ. அடித்த டயர், தார் சூட்டில் 45 டிகிரிக்குப் போனால் 85 ஆகிவிடும். காலையில் ஒரு ஃப்ரேம், மதியம் ஒரு ஃப்ரேம் ஓட்டி ‘இது கொஞ்சம் கரடு’ என்று எழுதுகிறவர்கள் பாதிப் பேர் வெயிலைத்தான் விமர்சனம் செய்கிறார்கள்.

எழுபது வளைவு
எல்லாம் டயர், எல்லாம் போஸ்ட் என்று ஒரேயடியாக அடிக்காதீர்கள் அண்ணா. நேர்ரோட்டில் அது சரி. கொல்லிமலை இறக்கத்துக்கு வாருங்கள், 70 கொண்டை ஊசி. ஒரே சக்கர செட், ஒரே 28 டயர், முன்னால் 66, பின்னால் 70. கனம் குறைந்த ஒரு ஃப்ரேமில் வளைவுக்குள் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஹேண்டில்பாரைச் சாய்த்தால், பார் முதலில் போகிறது, சக்கரம் ஒரு நொடித் துளி கழித்து வருகிறது. அந்த இடைவெளியில் வயிற்றைப் பிசையும். இன்னொரு ஃப்ரேமில் அந்த இடைவெளியே இல்லை. டயரா இதைச் செய்தது?

இது முறுக்கு விறைப்பு, அதாவது ஃப்ரேம் முறுகாமல் நிற்கும் தன்மை. நீளவாக்கில் போட்ட கார்பன் இழை வளைவைத் தாங்கும். முறுக்கைத் தாங்குவது 45 டிகிரியில் குறுக்கும் நெடுக்குமாகப் போட்ட அடுக்கு. கனத்தைக் குறைக்க அந்த அடுக்கில் கைவைத்தால் ஃப்ரேமின் முன்முனைக் குழாயான ஹெட் டியூப் பக்கம் முறுக ஆரம்பிக்கும். ‘டி1000’ என்று இழையின் ரகத்தைப் போட்ட ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஃப்ரேம் முழுக்க ஒரே இழையில் யாரும் செய்வதில்லை. இழை தயாரிக்கும் டோரே கம்பெனியின் டி700 இழைக்கு விறைப்பு 230 ஜிகாபாஸ்கல், எம்40ஜே 377. ஆனால் டி700 அறுபடுமுன் 2.1 சதவீதம் நீளும், எம்40ஜே 1.2-லேயே போய்விடும். விறைப்பான இழையை எங்கே, எந்தக் கோணத்தில், எத்தனை அடுக்கு வைத்தார்கள் என்பதில்தான் விஷயம். அதை ஸ்டிக்கரில் போட மாட்டார்கள்.

ஸ்போக் கீ
நல்ல பாயிண்ட், மறுக்கவில்லை தம்பி. ஆனால் ஹெட்செட், அதாவது ஹெட் டியூபுக்குள் ஃபோர்க் திரும்பும் பேரிங், பார்த்தீர்களா? நீங்கள் சொல்லும் அதே ‘பார் முதலில், சக்கரம் பிறகு’ தளர்ந்த ஹெட்செட்டிலும் வரும். முன் பிரேக்கை இறுகப் பிடித்து, ஒரு கையை ஹெட் டியூபும் ஃபோர்க்கும் சேரும் இடத்தில் வைத்து, சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விரலில் ‘டிக்’ தெரிந்தால் ஸ்டெம்மின் பக்க போல்ட்டைத் தளர்த்தி, மேல் மூடி போல்ட்டை ஆட்டம் நிற்கும் வரை மட்டும் கால் கால் திருப்பாக இறுக்கி, பிறகு பக்க போல்ட்டுகளை மாற்றி மாற்றி, ஸ்டெம்மில் எழுதியிருக்கும் டார்க்குக்கு (இறுக்கும் விசை) இறுக்குங்கள். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்.

எழுபது வளைவு
பார்த்தாயிற்று. ஆட்டம் இல்லை.

உப்புக்காற்று
பழைய ஃப்ரேம் ஒன்றில் இதே குழப்பம்: மிதிக்கும்போது ‘கிறீச்’, சீட்டுக்கடியில் ஏதோ நசுங்குகிற மாதிரி. ‘கார்பன் தளர்ந்துபோச்சு’ என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். காய்ந்துபோன சீட்போஸ்ட்!

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் நின்றால் சீட், போஸ்ட். நிற்காமல், ஒரு கால் கீழே வரும்போது மட்டும் வந்தால் பெடல், செயின்ரிங் போல்ட், பிறகு பிபி (பெடல் அச்சு சுழலும் பேரிங்). மரை இல்லாமல் அழுத்திப் பொருத்தும் பிரஸ்ஃபிட் பிபி இருந்தால் சந்தேகம் முதலில் அங்கே. போஸ்ட்டைக் கழற்றி, போஸ்ட்டையும் சீட் டியூப் உட்புறத்தையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பிடிப்புக்கான கார்பன் பேஸ்ட் மெல்லிசாகத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் வேண்டாம், வழுக்கும். வழுக்குகிறதே என்று 5 நியூட்டன் மீட்டர் போட வேண்டிய இடத்தில் 8 போடுவார்கள், ‘மடக்’ என்று போஸ்ட்டை இறுக்கும் காலர் ஓரம் விரிசல். பேஸ்ட் இருந்தால் குறைந்த டார்க்கிலேயே பிடிக்கும். பழைய உயரத்தில் டேப் சுற்றிவைத்து, 50 கி.மீ. ஓட்டிவிட்டு இறங்கியிருக்கிறதா பாருங்கள்.

கடற்கரை ரோட்டில் ஓட்டுகிறவர்கள், கார்பன் ஃப்ரேமில் அலுமினிய போஸ்ட் என்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றுங்கள். வியர்வை உப்பும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து உள்ளேயே பிடித்துக்கொள்ளும். பிறகு ரம்பம்தான்.

50-34
கம்பெனி 27.2-க்கு ஷிம் (இடைவெளியை நிரப்பும் உறை) போட அனுமதித்திருக்கிறது என்று மேனுவலில் பார்த்து, 31.6-க்குள் ஷிம் வைத்து 27.2 போட்டாயிற்று. அதே 30 டயர், அதே பம்ப், அதே வெள்ளைக் கோடு. வெளியே தெரிவது இன்னும் 110தான், டாப் டியூப் உயரத்தை என்ன செய்ய முடியும்? அறை கொஞ்சம் மழுங்கியிருக்கிறது, போகவில்லை. ஸ்போக் கீ கணக்குப்படி ஒன்றரை மடங்கு, அந்த அளவுதான் கிடைத்தது. மீதி, வெளியே தெரிவதில் இருக்கும் அந்த 60 மி.மீ. வித்தியாசம்.

எழுபது வளைவு
அப்போது அந்த 60 மி.மீ.யைத் தீர்மானித்தது எது? டாப் டியூப் சரிவு. அது ஃப்ரேம்தானே அண்ணா?