மறு: "ஃபர்கிவிங் கார்" – தமிழில் என்ன சொல்லலாம்? (நூர்பர்க்ரிங் பழகுநர் கையேடு)

வணக்கம் நண்பர்களே,

இழை நீண்டுகொண்டே போகிறது. இதுவரை வந்த சொற்களை எல்லாம் ஒரே மடலில் வைத்துப் பதில் எழுதிவிடுகிறேன். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தைக் கணினிக் கார்ப்பந்தய ஆட்டங்களில் பழகுகிறவர்களுக்கான நம் கையேட்டில் "வடக்குச் சுற்றைப் பழக எந்தக் காரை எடுப்பது?" என்ற அத்தியாயம், ஓட்டுநரின் தப்பைத் தாங்கிக்கொள்ளும் காரைக் குறிக்கும் இந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்துக் கிடக்கிறது.

> "மன்னிக்கும் கார்" என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் நம் பேச்சில் மன்னிப்பு என்பது ஒருவர் கேட்டு இன்னொருவர் கொடுப்பது. கேட்காமலே தப்பைத் தாங்கிக்கொள்வதற்குப் "பொறுத்துக்கொள்வது" என்று தனிச்சொல்லே இருக்கிறது. மேடையில் பேச்சை முடிப்பவர்கூட "பிழை இருந்தால் பொறுத்தருளுங்கள்" என்றுதான் சொல்கிறார்.

> தொடக்கநிலைக் கார்

இது கார் யாருக்கு என்று சொல்கிறது. தப்புச் செய்தால் அது எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லவில்லை. தவிர, விளையாடுகிறவர்களுக்கு இதற்கு வேறு பொருள் ஏற்கெனவே உண்டு: ஆட்டம் தொடங்கியதும் கைக்குக் கிடைக்கும் மலிவான கார். கிரான் டுரிஸ்மோ 7-ல் முதலில் டொயோட்டா அக்வா, ஹோண்டா ஃபிட், மாஸ்டா டெமியோ மூன்றில் ஒன்றை வாங்கச் சொல்வார்களே, அது.

> மெதுவான கார் என்றால் போதாதா? வேகம் குறைந்தால் ஆபத்தும் குறையும்.

போதாது. 1960களின் தொடக்கத்தில் வந்த ஃபோக்ஸ்வேகன் பீட்டிலுக்கு 34 குதிரைத்திறன்தான், அதைவிட மெதுவாக என்ன வேண்டும்? ஆனால் எஞ்சின் பின்னால், பின்சக்கரங்கள் ஸ்விங் ஆக்சிலில், அதாவது மேலும் கீழும் ஆடும்போது சக்கரத்தின் சாய்வும் மாறிவிடும் அச்சில். வளைவுக்குள் வேகமாகப் போய்ப் பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, வெளிச்சக்கரம் உள்ளே மடங்கும். மெதுவான காரும் தப்பைப் பொறுக்காமல் இருக்கலாம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

> சாதுவான கார்

சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் "சாது மிரண்டால் காடு கொள்ளாது" என்பதும் நம் பழமொழிதானே! நாம் பழகுநரிடம் எடுக்காதே என்று சொல்ல நினைக்கும் கார்கள் அப்படிப்பட்டவையே. 1987-ல் வந்த ரூஃப் சிடிஆர், எல்லோரும் யெல்லோபேர்ட் என்று கூப்பிடும் அந்த மஞ்சள் கார், நேர்ச்சாலையில் சமர்த்தாக ஓடும். பின்சக்கரங்களுக்கும் பின்னால் எஞ்சின், 469 குதிரைத்திறன். அது மிரண்டால் நூர்பர்க்ரிங்கைச் சுற்றியுள்ள ஐஃபெல் காடு நிஜமாகவே கொள்ளாது.

சரி, நாம் பெயர் வைக்கத் தேடும் பண்பு என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம்.

நார்ட்ஷ்லைஃபெ, அதாவது வடக்குச் சுற்று, 1927-ல் திறந்த தடம். ஒரு சுற்று 20.8 கிலோமீட்டர். அதிகாரபூர்வக் கணக்குப்படி 73 வளைவுகள், உச்சிக்கும் பள்ளத்துக்கும் 300 மீட்டர் உயர வித்தியாசம். இப்போதைய ஃபார்முலா ஒன் தடங்கள் பெரும்பாலும் ஐந்து கிலோமீட்டரை ஒட்டியவை. அங்கே ஒரு வளைவில் கோட்டை விட்டால் ஒன்றரை நிமிடத்தில் அதே வளைவு திரும்ப வரும், இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம். இங்கே பெர்க்வெர்க் என்ற வளைவில் கோட்டை விட்டவர் சின்னக் காரில் மறுபடி அங்கே வந்து சேர ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகும். அதுவும் நடுவில் வேறெங்கும் முட்டாமல் வந்தால்தான்.

ஆகவே பழகுநருக்குத் தேவை சுற்றை முடிப்பது. தப்பு நடக்கும், நடக்கவும் வேண்டும். அந்தத் தப்புக்கு நான்கைந்து நொடியை மட்டும் அபராதமாக வாங்கிக்கொண்டு, சுற்றைத் தொடர விடுகிற காரைத்தான் ஆங்கிலத்தில் "ஃபர்கிவிங்" என்கிறார்கள். நம் சொல்லில் இந்தக் கருத்து இருந்தாக வேண்டும்.

ஓர் இடத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஃபுக்ஸ்ரோரெ இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தியபடி இறங்குகிறோம். அடியில் பள்ளம். சஸ்பென்ஷன் நசுங்கி, கார் தரையோடு அமுங்கி, உடனே மேட்டில் ஏறுகிறது. எதிரே தெரிவது மேட்டின் விளிம்பும் மரங்களும் மட்டும்தான். விளிம்புக்கு மறுபுறம் அடெனாவர் ஃபார்ஸ்ட், இறுக்கமான இடது, அதை ஒட்டி வலது. புதிதாக வருகிறவர்கள் அனேகமாக எல்லாரும் அங்கே தேவைக்கு மேல் வேகமாகத்தான் வந்து சேர்வார்கள். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 என்றால் முன்டயர்கள் கீச்சிடும், ஸ்டீயரிங் கையில் லேசாகும், கார் அகலமாகப் போய்ப் புல்லில் இறங்கும், தத்தளித்துத் திரும்பித் தடத்துக்கு வரும். நேரம் போனது, சுற்று போகவில்லை. அதே ஆள் அதே வேகத்தில் யெல்லோபேர்டில் வந்தால், விளிம்பைத் தாண்டியதும் பதறிக் காலை எடுப்பார். பாரம் முன்னால் பாயும், பின்டயர்களின் பிடி குறையும், எஞ்சின் எடை பின்பக்கத்தை வெளியே வீசும். என்ன நடந்தது என்று புரிவதற்குள் கார் வந்த வழியைப் பார்த்து நிற்கும், இல்லையென்றால் தடுப்புக் கம்பியில் இருக்கும்.

நாற்காலியில் உட்கார்ந்து விளையாடுகிறவருக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு, இழையில் யாரும் அதைத் தொடவில்லை. நிஜக் காரில் பின்பக்கம் விலகத் தொடங்குவதை ஓட்டுநர் இருக்கையிலேயே உணர்கிறார், உடம்பு சொல்லிவிடும். வீட்டு நாற்காலி எதுவும் சொல்லாது. இருப்பது கண், காது, கை மட்டும். முன்டயர் பிடி விடுவது கைக்கு ஸ்டீயரிங்கின் கனம் குறைவதாகவும் காதுக்குக் கீச்சாகவும் வந்துவிடுகிறது. பின்டயர் பிடி விடுவது கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் நேரம் கடந்துவிடும். அதனால்தான் சாலையில் ஒரு கார் எவ்வளவு பொறுக்குமோ அதைவிடக் குறைவாகவே ஆட்டத்தில் பொறுப்பதாகப் படுகிறது. கையேட்டில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் எனக்குப் பிடித்த சொல் பொறுதி. பண்புப்பெயர், அளவு சொல்லலாம், பெயரடையாகவும் வளையும்:

"எம்எக்ஸ்-5-க்குப் பொறுதி அதிகம்."
"ரேசிங் சாஃப்ட் டயர் மாட்டினால் பிடி கூடும், பொறுதி குறையும்."
"முதல் மாதம் பொறுதியான கார் ஒன்றிலேயே ஓட்டுங்கள்."

இரண்டாவது வாக்கியத்தை வேண்டுமென்றே எழுதினேன். பிடியும் பொறுதியும் வேறு வேறு. மிகவும் ஒட்டும் டயர் எல்லைவரை சத்தமே போடாமல் இருந்துவிட்டு, எல்லை தாண்டியதும் பட்டென்று விட்டுவிடும். கிரான் டுரிஸ்மோவில் சின்னக் காருக்கு ஒட்டுதல் குறைந்த ஸ்போர்ட் ஹார்ட் டயர் போதும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஜிடி3 வகைப் பந்தயக் கார்களுக்கும் பொறுதி உண்டு என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். உண்டு. ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல், காரைத் தரையோடு அழுத்தும் காற்றின் விசை எல்லாம் சேர்ந்து நிறையவே பொறுக்கும். ஆனால் அந்த வேகத்தில் ஃப்லூக்பிளாட்ஸ் மேடு எது, அடுத்த வளைவு எது என்று மனத்தில் பதிவதற்குள் கடந்துபோய்விடுகிறது. அது சொல்லைப் பற்றிய கேள்வி அல்ல, பாடத்திட்டம் பற்றியது. தனி மடலில் பேசலாம்.

கூடவே ஒன்று. அண்டர்ஸ்டீர் (கார் திருப்பியதைவிடக் குறைவாக வளைவது), ஓவர்ஸ்டீருக்கு (அதிகமாக வளைவது) குறைதிருப்பம், மிகைதிருப்பம் என்று வரைவில் இருக்கிறது. படிக்கிறவர் ஓட்டுநர் குறைவாகத் திருப்பினார், அதிகமாகத் திருப்பினார் என்றுதான் புரிந்துகொள்வார். நடப்பது டயரில். முன்சறுக்கல், பின்சறுக்கல் என்றால் எந்த டயர் விட்டது என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும். முன்சறுக்கும் காருக்குப் பொதுவாகப் பொறுதி அதிகம் என்று ஒரே வரியில் பாடமும் முடிந்துவிடும்.

அன்புடன்.

———

தம்பி, வணக்கம்.

விளக்கம் நன்றாக வந்திருக்கிறது. பட்டறை வாழ்க்கையில் வண்டியின் அடியில் படுத்துக் கிடந்தவன் என்ற முறையில் இரண்டு ஆட்சேபம்.

ஒன்று, பொறியியலில் டாலரன்ஸுக்குப் பொறுதி என்று எழுதுகிறோம். ஷாஃப்ட்டின் விட்டம் இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்கிற அளவு அது. ஒரே சொல்லை இரண்டு இடத்தில் வைத்தால் குழப்பம் வராதா?

இரண்டு, முன்சறுக்கல் முழு உண்மை இல்லை. அண்டர்ஸ்டீர் வருவதற்கு டயர் சறுக்க வேண்டும் என்பதே கிடையாது. வளைவில் எந்த டயரும் தான் பார்க்கும் திசையிலிருந்து கொஞ்சம் விலகித்தான் உருளும். முன்டயரின் விலகல் கோணம் பின்டயரை விடப் பெரிதாக இருந்தால், பிடி முழுசாக இருக்கும்போதே அந்தக் கார் அண்டர்ஸ்டீர் கார்தான். வீட்டுக்குப் போகும் வழியில் ரவுண்டானாவைச் சுற்றுகிற குடும்பக் காரும் அப்படித்தான். அங்கே எங்கே சறுக்கல்?

எம்எக்ஸ்-5 பின்சக்கர இயக்கம் என்பதையும் மறக்க வேண்டாம். ஆக்சிலேட்டரைத் தாறுமாறாக மிதித்தால் அதன் பின்பக்கமும் சறுக்கிப் போகும்.

———

ஐயா, வணக்கம்.

முதல் ஆட்சேபம் எனக்குச் சாதகமாகவே படுகிறது. ஷாஃப்ட் வரைபடத்தில் எவ்வளவு விலகினால் பரவாயில்லை என்பது பொறுதி. பந்தயத் தடத்தில் சரியான கோட்டிலிருந்து எவ்வளவு விலகினால் பரவாயில்லை என்பதும் பொறுதியே. இடம்தான் மாறுகிறது, பொருள் அதே பக்கத்தில்தான் நிற்கிறது. வேண்டுமானால் முதல் முறை வரும் இடத்தில் "பிழைபொறுதி" என்று முழுசாக எழுதி, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவதில் நீங்கள் சொல்வதைத் தள்ள முடியாது. விலகல் கோணம் பேசுகிற பொறியியல் பகுதிக்குக் குறைதிருப்பம், மிகைதிருப்பம் இருக்கட்டும், அது காரின் இயல்பைச் சொல்கிறது. விளையாடுகிறவர் கையில் உணர்கிற நிகழ்வுக்கு முன்சறுக்கல், பின்சறுக்கல். இரண்டு தளம், இரண்டு இணை. பழகுநர் பகுதியில் பின்னதை மட்டும் பயன்படுத்துவோம்.

எம்எக்ஸ்-5-இன் பின்பக்கம் சறுக்கிப் போகும் என்பதும் சரி. ஆனால் ஏறக்குறைய 950 கிலோ எடை, முன்னும் பின்னும் பாதிப் பாதி பாரம், 115 குதிரைத்திறனை ஒட்டிய எஞ்சின். போவதற்கு முன் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போகும், எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்கை ஒடிக்க அவகாசம் கொடுக்கும். முன்சக்கர இயக்கச் சின்னக் கார்களுக்கு, உதாரணமாக அசெட்டோ கோர்ஸா ஆட்டத்தில் வரும் அபார்த் 500, இதைவிடப் பொறுதி உண்டு. ஆனால் அதிலேயே பழகினால் பின்பக்கத்தைப் பற்றிக் கடைசிவரை எதுவும் தெரியாமலே போய்விடும். ஆகவே முதலில் சில சுற்று அபார்த், வளைவுகளின் வரிசை மனப்பாடம் ஆனதும் எம்எக்ஸ்-5 என்று அத்தியாயத்தை மாற்றி எழுதுகிறேன்.

சொல்லடைவுக்கு இப்படி:

பொறுதி (பெயர்ச்சொல்) – ஓட்டுநரின் பிழையை முன்கூட்டியே உணர்த்தி, கட்டுப்பாட்டை மீட்க அவகாசம் தரும் காரின் இயல்பு. காரின் அமைப்பு, டயர், தடத்தின் ஈரம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். எதிர்ச்சொல்: பொறுதியின்மை.

மறுப்பு இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை ஏற்றிவிடுகிறேன். யெல்லோபேர்ட் செய்கிற அந்தத் திடீர் வீச்சுக்கு, "ஸ்நாப்" என்கிறார்களே, "வெட்டுச்சறுக்கல்" என்று ஒரு சொல் மனத்தில் ஓடுகிறது. அதற்குத் தனி இழை திறக்கிறேன், அங்கே வாருங்கள்.