பிஎஸ்ஏ பி40 ஃப்ரேமில் விக்டர் ஸ்க்ராம்பிளர் நகல்: எங்கே வெட்டலாம், எங்கே கை வைக்கக் கூடாது?

மண்தடம் எழுதியது:

பிரிட்டிஷ் ராணுவத்துக்காக 1967 முதல் வந்த பிஎஸ்ஏ (பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் நிறுவனம்) பி40 வண்டியின் வெறும் ஃப்ரேம் ஒன்று என்னிடம் இருக்கிறது. முன்னால் ஒற்றைக் குழாய், என்ஜினுக்கு அடியில் இரட்டைக் குழாய். இதில் 441 சிசி பி44 என்ஜினைப் போட்டு, பந்தய வீரர் ஜெஃப் ஸ்மித் 1964, 1965 இரண்டு வருடமும் 500 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம் வாங்கிய பிஎஸ்ஏவின் சாயலில் ஒரு ஸ்க்ராம்பிளர் (மண்தடப் பந்தய வண்டி) கட்டும் திட்டம். காட்சிக்கு மட்டுமில்லை, இங்கே இங்கிலாந்தில் ப்ரீ-65 பந்தயங்களில் (1965க்கு முந்தைய பாணி வண்டிகளுக்கானவை) ஓட்டவும் வேண்டும்.

நான்கு சந்தேகங்கள். ஹெட்ஸ்டாக்கை (ஃபோர்க்கைத் தாங்கும் கழுத்துக் குழாய்) வெட்டி ஃபோர்க்கின் சாய்வை 2 டிகிரி கூட்டலாமா? பிஎஸ்ஏவின் விக்டர் ஜிபி ஸ்க்ராம்பிளரைப் போல ஆயிலை ஃப்ரேம் குழாய்க்குள்ளேயே வைக்க முடியுமா? பின் ஷாக்கின் கீழ் முனையை முன்னே நகர்த்தினால் பயணம் கூடும் என்கிறார்கள், செய்யலாமா? ஒட்டுவதற்கு ஆர்கான் வாயு வெல்டிங்கா, பித்தளைக் கம்பியை உருக்கி ஒட்டும் பிரேஸிங்கா?

ஒற்றைச்சிலிண்டர் எழுதியது:

ஹெட்ஸ்டாக்கை இப்போதைக்குத் தொடாதீங்க. நீங்க போடப் போற ஃபோர்க், சக்கரம், ஷாக் எல்லாத்தையும் மாட்டி, வண்டியை ரசமட்டத்துல நிறுத்தி அளந்த பிறகுதான் அந்தப் பேச்சு. காரணம் இருக்கு. வீல்பேஸ் 1350 மி.மீ. அளவுல இருக்குற வண்டியில முன்பக்கம் 25 மி.மீ. உயர்ந்தா சாய்வு ஏறக்குறைய 1 டிகிரி கூடும். பின்பக்கம் 25 மி.மீ. உயர்ந்தா அதே 1 டிகிரி குறையும். ஃபோர்க் குழாயை யோக்கில் (ஃபோர்க்கைப் பிடிக்கிற கவ்வி) ஏற்றி இறக்கி, ஷாக் நீளத்தை மாத்தியே நீங்க கேட்ட 2 டிகிரியில பெரும்பகுதி கிடைச்சிடும். அதுக்கு ஒரு வெட்டும் வேண்டாம்.

கோணத்தை விட ட்ரெயில்தான் (ஃபோர்க் திரும்புற அச்சுக்கோடு தரையைத் தொடுற இடத்துக்கும் டயர் தொடுற இடத்துக்கும் உள்ள தூரம்) கையில தெரியும். சக்கரத்தின் ஆரத்தை சாய்வின் சைனால பெருக்கி, யோக் ஆஃப்செட்டை (அந்த அச்சுக்கும் ஃபோர்க்குக்கும் உள்ள இடைவெளி) கழிச்சு, கொசைனால வகுத்தா ட்ரெயில். 3.00-21 டயருக்கு ஆரம் சுமார் 346 மி.மீ., ஆஃப்செட் 60 மி.மீ. என்று வைங்க. 28 டிகிரியில 116 மி.மீ. வரும், 30 டிகிரியில 130 வரும். 14 மி.மீ. வித்தியாசம் சின்னது இல்லை. நேர்த்தடத்துல பள்ளம் மேடு வந்தாலும் ஹேண்டில் நிதானமா நிக்கும், ஆனா இறுக்கமான வளைவுல முன்சக்கரம் வெளியே தள்ளும். உங்க ஊர்த் தடங்கள் குறுகலா, வளைவு அதிகமா இருந்தா 28 பக்கமே நில்லுங்க.

இன்னொண்ணு. பி40, பி44 ரெண்டுக்கும் போர் (சிலிண்டர் விட்டம்) 79 மி.மீ.தான். ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகர்ற தூரம்) மட்டும் பி40ல 70, பி44ல 90. அதனால பி44 சிலிண்டர் உயரம். காலி கிரேங்க்கேஸ், பேரல், ஹெட் மூணையும் ஃப்ரேமில் உட்கார வெச்சு, என்ஜினைக் கழற்றாமலே ஹெட் வெளியே வருமான்னு பாருங்க. வராட்டா பந்தய நாளில் கேஸ்கெட் மாத்த முழு என்ஜினும் இறங்கணும்.

அரம்பிடி எழுதியது:

வெல்டிங் கேள்விக்கு வருகிறேன். பழைய ஃப்ரேமில் முதல் வேலை, ஒவ்வொரு இணைப்பிலும் பெயிண்டைச் சுரண்டி உலோகத்தைப் பார்ப்பது. மஞ்சள் நிறம் தெரிந்தால் அங்கே பித்தளை இருக்கிறது. அந்த இடத்தில் ஆர்கான் வெல்டிங் கூடவே கூடாது. உருகிய பித்தளை எஃகின் மணிகளுக்கு இடையில் புகுந்து, பார்வைக்கு நல்ல வெல்டாகத் தெரிந்தாலும் உள்ளே விரிசலை விதைத்துவிடும். துத்தநாகப் புகை வேறு. கதவைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். பித்தளை பட்ட இணைப்புக்கு மறுபடியும் பித்தளைதான். சிஃப்பிரான்ஸ் நம்பர் 1 என்ற பிரேஸிங் கம்பி சுமார் 880 டிகிரியில் உருகும். எஃகு மங்கலான ஆரஞ்சு நிறம் வந்ததும் கம்பியைக் கொடுங்கள். மஞ்சளாகும் வரை காத்திருந்தால் குழாய் கெட்டுவிடும்.

அசல் ஜிபி ஃப்ரேம் ரெனால்ட்ஸ் 531 என்ற கலப்பு எஃகுக் குழாய். அது மெல்லிய குழாய், அதிகச் சூடு தாங்காது. பித்தளை அதற்குப் பொருந்தும். உங்கள் ராணுவ ஃப்ரேமில் புதிதாகச் சேர்க்கும் குழாய்க்குத் தையல் இல்லாத சிடிஎஸ் அல்லது டி45 வகை எஃகுக் குழாய் வாங்குங்கள். சுவர் தடிமன் 1.6 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். தையல் உள்ள இஆர்டபிள்யூ குழாய் சீட் பிராக்கெட்டுக்கு மட்டும்.

குழாயை நடுவில் ஒட்டுவதானால் நேராக அறுக்காதீர்கள். 30 டிகிரிச் சாய்வில் அறுத்து, உள்ளே இருபக்கமும் 50 மி.மீ. போகும் ஸ்லீவ் (உட்குழாய்த் துண்டு) செருகி, பக்கத்துக்கு இரண்டு 8 மி.மீ. துளை போட்டு அவற்றையும் நிரப்புங்கள். ஒரு குழாயின் முனையை இன்னொரு குழாயின் மேல் பொருத்தும் மீன்வாய் வெட்டில் இடைவெளி அரை மி.மீ.க்கு மேல் இருந்தால் திரும்ப அரம் போடுங்கள். இடைவெளியைக் கம்பியால் நிரப்பினால் ஆறும்போது சுருங்கி ஹெட்ஸ்டாக்கை ஒரு பக்கம் இழுக்கும். அதனால்தான் ஜிக் (ஃப்ரேமை அளவு பிசகாமல் பிடிக்கும் சட்டம்) இல்லாமல் ஹெட்ஸ்டாக் பக்கம் போகக் கூடாது. 100 மி.மீ. சி-சேனல் ஒன்று, லேத்தில் கடைந்த இரண்டு கூம்பு, ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) ஸ்பிண்டிலுக்கு இரண்டு பிளாக், இவ்வளவு போதும். எல்லா இணைப்பும் டாக் (சிறு புள்ளி ஒட்டு) அடித்து, எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி முடியுங்கள்.

மூலையை வலுப்படுத்தும் கஸெட் தகடு வைக்கும்போது அதன் முனை குழாய்க்குக் குறுக்கே முடிய வேண்டாம். குறுக்கே ஓடும் வெல்டின் ஓரத்தில்தான் கிராக் பிறக்கும். முனையைக் கூர்மையாக இறக்கி, குழாயின் பக்கவாட்டில் முடியுங்கள்.

லேத்துக்காரர் எழுதியது:

ஷாக் விஷயத்தில் கணக்கு போட்டுப் பார்த்தால் விடை தானே வரும். ஸ்விங் ஆர்ம் பிவட்டிலிருந்து சக்கர அச்சு வரை 480 மி.மீ., ஷாக்கின் கீழ் முனை வரை 450 மி.மீ., ஷாக் பயணம் 85 மி.மீ. என்று கொள்வோம். சக்கரம் 91 மி.மீ. ஏறும். கீழ் முனையை 380க்கு நகர்த்தினால் 107. ஆனால் ஸ்பிரிங் 40 சதவீதம் கடினமானதாக மாற்ற வேண்டும், விகிதம் வர்க்கமாக வேலை செய்வதால். டேம்பிங்கும் போதாது. ஸ்விங் ஆர்மின் நடுவில் வளையும் விசை விழும். பழைய குழாய் அதற்குக் கட்டியதே இல்லை. இதெல்லாம் 1970களின் நடுவில் வந்த வழக்கம், 1965 வண்டியில் வைத்தால் பார்த்ததும் தெரியும். விதியையும் பாருங்கள்: அமெரிக்காவில் அஹ்ர்மா என்ற பழைய வண்டிப் பந்தய அமைப்பின் விண்டேஜ் வகுப்பில் பின்னால் 4 அங்குலம், அதாவது 101.6 மி.மீ.தான் வரம்பு. 107 அதைத் தாண்டிவிடும். உங்கள் கிளப்பின் விதிப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். நல்ல ஷாக், அசல் இடம்: என் தீர்ப்பு அதுதான்.

ஆயிலைக் குழாயில் வைப்பது அழகான வேலை, ஆனால் உங்கள் மேல்குழாய் அதற்குச் சிறியது. 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. சுவர், 500 மி.மீ. நீளம் உள்ள குழாய் கூட 0.83 லிட்டர்தான் கொள்ளும். இந்த என்ஜினுக்கு 2 லிட்டராவது வேண்டும். அப்படியானால் முன்குழாயும் பெரிதாக வேண்டும், அது புது ஃப்ரேம் கட்டுவதற்குச் சமம். தனி அலுமினிய டேங்க்கை வலப்பக்கம் வையுங்கள். குழாயில்தான் வேண்டும் என்றால் உள்ளே இருக்கும் செதில், ஃப்ளக்ஸ், ஷாட் மணி எல்லாம் போகும்வரை சங்கிலி போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்குங்கள். ஒரே ஒரு ஷாட் மணி உள்ளே தங்கினாலும் பிக்-எண்ட் பேரிங் போய்விடும். பிறகு அரை பார் காற்று ஏற்றி சோப்பு நீர் தடவிப் பாருங்கள்.

மண்தடம் எழுதியது:

நன்றிங்க. அப்படியானால் ஹெட்ஸ்டாக், மேல்குழாய், ஷாக் மூன்றும் அப்படியே இருக்கட்டும். வெட்ட வேண்டியதாக மிஞ்சுவது பின் மட்கார்டு வளையம், ஃபுட்ரெஸ்ட், சைடு ஸ்டாண்ட் லக் (ஃப்ரேமில் ஒட்டிய பிடிப்பு) தான். ஃபுட்ரெஸ்ட்டை எங்கே வைப்பது? டைட்டேனியம் போல்ட்கள் போடலாமா?

அரம்பிடி எழுதியது:

ஃபுட்ரெஸ்ட் ஸ்விங் ஆர்ம் பிவட்டுக்குச் சற்று முன்னே, கீழ்க்குழாயின் உயரத்துக்கு மேலே. எழுந்து நிற்கும்போது முழு எடையும் அங்கே இறங்கும், அதனால் பிராக்கெட் 6 மி.மீ. தகடு, குழாயைச் சுற்றிப் பிடிக்கும் சேணத்தோடு. மடங்கும் வகை, மேல்நோக்கி 45 டிகிரி பின்னால் மடங்கட்டும்.

ஸ்பிண்டில்களில் டைட்டேனியம் போல்ட் வேண்டாம். இந்த உலோகத்தில் பிஎஸ்ஏவே அடிபட்டது: 1966இல் முழு ஃப்ரேமையே டைட்டேனியத்தில் கட்டியது. அது வளைந்து விரிசல் விட்டபோது, ஆர்கான் சூழல் இல்லாமல் ஒட்ட முடியாததால் தடத்தில் பழுதுபார்க்க வழியில்லை.

ஒற்றைச்சிலிண்டர் எழுதியது:

ஸ்விங் ஆர்ம் ஸ்பிண்டில் துருவேறி இறுகியிருக்கும். சுத்தியல் போட்டா லக் கோணலாகும். பிரஸ் அல்லது திருகு இழுவை வெச்சு எடுங்க. ஃப்ரேம் நம்பர் அடிச்ச இடத்துல கிரைண்டர் படக்கூடாது. அந்த ஃப்ரேமுக்கு சாலைப் பதிவு இருந்தா, வெட்டுறதுக்கு முன்னாடி வண்டிப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவிடம் எழுதிக் கேட்டுடுங்க. பெயிண்டுக்குப் பவுடர் கோட்டிங் வேண்டாம். தடிமனான அந்தத் தோலுக்கு அடியில கிராக் வந்தா கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய எனாமல் அடிச்சா, ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் ஹெட்ஸ்டாக் அடியையும் ஷாக் மேல் லக்கையும் துணியால துடைச்சாலே கோடு தெரிஞ்சிடும்.