எச்எம்டி ஜனதா ஒரு நாளைக்கு 12 நிமிடம் ஃபாஸ்ட்: ஹேர்ஸ்பிரிங் போய்விட்டதா?

சாவிவாட்ச்_பிரியன்

வாட்ச்: எச்எம்டி ஜனதா, 17 ஜூவல் (அச்சு சுழலும் குட்டிக் கற்கள்), சாவி கொடுக்கிற மாடல். ஆன்லைனில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. "சர்வீஸ் ஆனது" என்று சொல்லித்தான் விற்றார்கள். முழுசாகச் சாவி கொடுத்தால் ஒரு நாளைக்கு 12 நிமிடம் முந்துகிறது. பின்மூடியைத் திறந்தால், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் லீவர் ஏற்கெனவே மைனஸ் பக்கத்துக் கோடியில் நிற்கிறது, மேற்கொண்டு தள்ள இடமே இல்லை. ஃபோனில் டிக்-டிக் சத்தத்தைக் கேட்டு வேகத்தை அளக்கும் டைம்கிராஃபர் ஆப் போட்டால் புள்ளிகள் சிதறுகின்றன, கோடாகச் சேரவில்லை.

ஹேர்ஸ்பிரிங்கை (பேலன்ஸ் வீலை இப்படியும் அப்படியும் ஆட வைக்கும் மெல்லிய சுருள்) மாற்றணுமா? டபிள்யூடி-40 லேசாக அடித்துப் பார்க்கலாமா? கையில் ஸ்க்ரூடிரைவர் செட், ட்வீசர், 10எக்ஸ் லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி), காற்று ஊதும் ரப்பர் பந்து இருக்கின்றன.

பல்சக்கரம்

டபிள்யூடி-40 பக்கமே போகாதீங்க. அதில் இருக்கும் கரைப்பான் ஆவியானதும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் தங்கும். ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்ட அந்தப் படலமே போதும்.

ஒரு கணக்கு பாருங்க. 12 நிமிடம் என்றால் 720 விநாடி. ஒரு நாளின் 86,400 விநாடியில் அது 0.83 சதவீதம். பேலன்ஸின் அலைவு நேரம் ஸ்பிரிங் நீளத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிப் போகும். அதனால் ஸ்பிரிங் 1.7 சதவீதம் குட்டையானாலே இந்த அளவு முந்தும். வெளிச்சுருளில் ஒரு சின்னத் துண்டு பக்கத்துச் சுருளோடு ஒட்டினால் கதை முடிந்தது. ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கும், புதுசுக்கு அவசரமில்லை.

மூன்று சந்தேகம்: காந்தம் ஏறியிருக்கலாம், எண்ணெய் பட்டிருக்கலாம், அல்லது ரெகுலேட்டரின் இரண்டு பின்களுக்கு நடுவே ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு மாட்டியிருக்கலாம். கடைசியது லூப்பிலேயே தெரியும். வாட்ச் கீழே விழுந்தால் இப்படி ஆகும்.

காந்தத்துக்கு ஒரு சாதா திசைகாட்டி போதும். வாட்சை அதன் அருகே வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். எந்தப் பக்கம் காட்டினாலும் முள்ளின் ஒரே முனை இழுபட்டால் அது வெறும் இரும்பின் வேலை. ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் தள்ளினால் காந்தம் ஏறியிருக்கிறது. காந்தத்தை இறக்கும் டீமேக்னடைசர் நீலப்பெட்டியில் பொத்தானை அழுத்தியபடியே வாட்சை மேலே வைத்து, ஒரு முழ தூரத்துக்கு மெதுவாக இழுத்து, அதற்குப் பிறகுதான் பொத்தானை விடணும். வாட்ச் பெட்டி மேலே இருக்கும்போதே விட்டால் காந்தம் இன்னும் ஏறும். பெட்டி சீக்கிரம் சூடாகும், சில விநாடிக்கு மேல் அழுத்த வேண்டாம்.

மெட்ரோ_மெக்கானிக்

ப்ரோ, எதுக்கு இவ்வளவு? டோனர் மூவ்மெண்ட் (உதிரிக்காக வாங்கும் இன்னொரு வாட்சின் இயந்திரம்) ஒன்று வாங்கி ஹேர்ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிடுங்க.

பல்சக்கரம்

ஹேர்ஸ்பிரிங்கை மட்டும் மாற்றக் கூடாது. அந்தந்த பேலன்ஸ் வீலின் எடைக்குப் பொருத்தி நீளம் வெட்டியது அது. இன்னொரு வீலில் போட்டால் ரேட் எங்கோ போகும். மாற்றுவதென்றால் வீல், ஸ்டாஃப் (வீலின் அச்சு), ஸ்பிரிங் மூன்றும் சேர்ந்த முழு பேலன்ஸாக, மூவ்மெண்டில் பொறித்திருக்கும் அதே எண் உள்ளதிலிருந்து எடுக்கணும். எச்எம்டி வாட்ச் பிரிவை 2016-இல் மூட அரசு முடிவெடுத்தாச்சு. நல்ல டோனரை இதற்குப் பலி கொடுக்காதீங்க.

சாவிவாட்ச்_பிரியன்

நன்றி அண்ணா. திசைகாட்டியில் காந்தம் இல்லை, பின்களுக்கு நடுவே ஒரு சுருள்தான். ஆனால் பேலன்ஸ் சுழலும்போது ஸ்பிரிங்கின் ஒரு பக்கத்தில் இரண்டு சுருள்கள் பிரியாமல் சேர்ந்தே அசைகின்றன, அங்கே பளபளப்பாகவும் இருக்கிறது.

லூப்_கண்ணன்

எண்ணெய்தான் தம்பி. "சர்வீஸ்" என்ற பேரில் யாரோ மேலிருந்து ஒரு சொட்டு விட்டிருக்கிறார்கள். கழுவிடலாம்.

முதலில் சாவியை இறக்கணும். கிரவுனை (சாவி கொடுக்கும் குமிழ்) விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ராட்செட் வீலைத் தடுக்கும் கிளிக்கை பல்குச்சி முனையால் விலக்கி, கிரவுனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப விடுங்கள். பிடி நழுவினால் மெயின்ஸ்பிரிங் ஒரே வேகத்தில் அவிழ்ந்து கிளிக் அல்லது பல் உடையும்.

பேலன்ஸ் பிரிட்ஜின் ஒரே ஸ்க்ரூவைக் கழற்றி, ஓரத்தில் இருக்கும் பள்ளத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்புங்கள். பிரிட்ஜைத் தூக்கும்போது வீல் ஸ்பிரிங்கில் தொங்கும். வீலின் அச்சில் இருக்கும் ரோலரின் ஜூவல், பேலட் ஃபோர்க்கில் (வீலைத் தட்டிவிடும் கவட்டை) சிக்கியிருந்தால் ஸ்பிரிங் நீண்டுவிடும், லேசாகத் திருப்பி விடுவித்தபின் தூக்கணும். தொங்கிய நிலையில் ஆட்டாமல் பிரிட்ஜை உடனே தலைகீழாகக் கவிழ்த்து வைங்க.

சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் லைட்டர் ஃப்ளூயிட் ஊற்றி, பிரிட்ஜோடு சேர்த்தே இரண்டு மூன்று நிமிடம் முக்குங்கள். புது திரவத்தில் இன்னொரு முறை. பங்க் பெட்ரோல் வேண்டாம், படிவு விடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறப்போட வேண்டாம்: ரோலர் ஜூவலும் பேலட் கற்களும் ஷெல்லாக்கில் (அரக்குப் பசை) ஒட்டியவை, ஆல்கஹால் ஷெல்லாக்கைக் கரைக்கும். ஜன்னலைத் திறந்து வைங்க, பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது. ரப்பர் பந்தால் தூரத்திலிருந்து ஊதிக் காய வையுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் பட்டுத் துரு பிடிக்கும்.

திரும்பப் போடும்போது ஸ்க்ரூவை முறுக்க அவசரம் வேண்டாம். மேல், கீழ் பிவட்கள் (அச்சின் ஊசி முனைகள்) இரண்டும் ஜூவலுக்குள் இறங்கி, லேசாக ஊதினால் வீல் தாராளமாக ஆடணும். அதன் பிறகே முறுக்கணும். பிவட்டின் குறுக்களவு 0.1 மி.மீ. சுமார்தான், வெளியே நிற்கும்போது முறுக்கினால் ஒடிந்தே போகும். ஸ்பிரிங்கிலும், பேலட் ஃபோர்க்கின் பிவட்களிலும் எண்ணெய் கிடையாது.

சாவிவாட்ச்_பிரியன்

கழுவியாச்சு. சுருள்கள் நன்றாகப் பிரிகின்றன, ஆப்பில் கோடு நேராக வருகிறது. ஆனால் இப்போது நாளைக்கு 2 நிமிடம் பின்தங்குகிறது! ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் வீல் ஆடும் கோணம்) 205 டிகிரி, பீட் எரர் (டிக்குக்கும் டாக்குக்கும் உள்ள நேர வித்தியாசம்) 0.9. டயல் மேலே பார்க்க வைத்து, முழுச் சாவியில் எடுத்தது.

பல்சக்கரம்

பின்தங்கத்தான் செய்யும். முன்னால் இருந்தவர் முந்துவதை அடக்க லீவரை மைனஸ் கோடிக்குத் தள்ளியிருக்கிறார். அதைப் பல்குச்சியால் மயிரிழை மயிரிழையாக பிளஸ் பக்கம் நகர்த்துங்கள், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு நிமிடம் ஆப்பில் பாருங்கள். ஆப்பில் பீட் மணிக்கு 18,000 என்று இருக்கணும். ஆப்பில் கொடுக்கும் லிஃப்ட் ஆங்கிள் (ஒவ்வொரு தட்டலிலும் பேலன்ஸ் கடக்கும் கோணம்) தப்பாக இருந்தால் ஆம்ப்ளிட்யூட் எண்தான் மாறும், ரேட் மாறாது.

பீட் எரர் 0.9 மில்லிவிநாடி பரவாயில்லை, அதைத் தொட வேண்டாம். 205-தான் உறுத்துகிறது. பழைய மூவ்மெண்டுக்கு முழுச் சாவியில் 240-க்கு மேல் வரணும். ஹேர்ஸ்பிரிங்கிலேயே எண்ணெய் விட்டவர்கள் மற்ற இடத்தில் என்ன செய்திருப்பார்களோ. முழுசாகப் பிரித்துக் கழுவி எண்ணெய் போடும் வரை, நாளின் கடைசியில் சாவி இறங்க இறங்க ரேட் மாறிக்கொண்டே இருக்கும்.

லூப்_கண்ணன்

முழு சர்வீஸுக்கு இரண்டு எண்ணெய் முக்கியம். பேலன்ஸின் கேப் ஜூவல்களுக்கும் (பிவட் முனையை மூடும் கற்கள்) பேலட் ஃபோர்க்கைத் தள்ளும் எஸ்கேப் வீலின் பிவட்டுக்கும் மோபியஸ் கம்பெனியின் 9010. பேரல் (மெயின்ஸ்பிரிங் இருக்கும் டப்பா), சென்டர் வீல் (நடுச்சக்கரம்) மாதிரி மெதுவாகச் சுற்றி அழுத்தம் தாங்கும் இடங்களுக்கு டி5 அல்லது எச்பி1300. ஜூவல் குழியில் பாதிக்குச் சற்று மேலே நின்றால் சரி. விளிம்பைத் தொட்டால் எண்ணெய் வெளியே இழுபட்டு பிவட் காய்ந்துவிடும். பேலட் கற்களுக்கு மட்டும் தனியாக 9415 கிரீஸ்.

பேலன்ஸின் ஷாக் ஸ்பிரிங்கை (அதிர்ச்சி தாங்கும் குட்டி ஸ்பிரிங்) எடுக்கும்போது மூவ்மெண்டை ஒரு தெளிவான பிளாஸ்டிக் கவருக்குள் வைத்து, ட்வீசரையும் உள்ளேயே விட்டு வேலை பாருங்கள். தெறித்தால் கவருக்குள்தான் கிடக்கும். தரையில் போனால் தேடிக் கண்டுபிடிக்கிற சைஸ் இல்லை.