2005இல் ஒட்டிய ஐ.எல்.ஆர். (பிரித்தானிய நிரந்தர வதிவிட அனுமதி) ஸ்டிக்கர் பழைய கடவுச்சீட்டில் இருக்கிறது; புது வேலைக்கு எதைக் காட்டுவது?

ஹரோ அக்கா:

2005இல் எனக்குப் பிரித்தானியாவில் நிரந்தர வதிவிட அனுமதி கிடைத்தது. அப்போது எனக்கு அட்டை தரவில்லை. இலங்கைக் கடவுச்சீட்டின் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான். அந்தக் கடவுச்சீட்டு 2014இல் முடிந்தது. புதியதை வாங்கியபோது பழையதன் மூலையை வெட்டித் திருப்பித் தந்தார்கள். நல்ல காலம், ஸ்டிக்கரில் வெட்டுப் படவில்லை.

2010இலிருந்து ஒரே கடையில்தான் வேலை. முதலாளி ஓய்வெடுக்கப் போகிறார் என்று கடையை மூடிவிட்டார். இப்போது ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை சரிவந்திருக்கிறது. நேர்முகத்தில் எல்லாம் நன்றாகவே போனது. மறுநாள் அலுவலகத்துப் பிள்ளை "ஷேர் கோட் அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல் போட்டாள். வேலை செய்ய உரிமை உண்டு என்று இணையத்தில் காட்டும் குறியீடாம் அது. அரசாங்க இணையத்தளத்துக்குப் போனால் பி.ஆர்.பி. என்ற வதிவிட அட்டையின் இலக்கத்தைக் கேட்கிறது. என்னிடம் ஒருநாளும் அட்டை இருந்ததில்லை.

இரண்டு கடவுச்சீட்டையும் ரப்பர் வளையம் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு நேரே போனேன். ஸ்டிக்கரைப் பார்த்தாள். "கடவுச்சீட்டு முடிந்துவிட்டது, இதை நான் ஏற்க முடியாது" என்றாள். காலவரையறை இல்லை என்று சொல்லித் தந்த அனுமதி எப்படி முடியும்? பதினைந்து ஆண்டுகள் வரி கட்டியவள் நான். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அழுகை வந்தது, சொல்வதற்கென்ன.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பழைய கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர், புதியதில் கணவரின் பெயர். என்ன செய்யலாம்?

குரொய்டன் தம்பி:

அக்கா, என்.ஐ. (தேசியக் காப்புறுதி) இலக்கக் கடிதத்தைக் கொடுத்தாலே போதும். நான் அப்படித்தான் சேர்ந்தேன்.

கோப்புக்காரி:

தம்பி, நீங்கள் இங்கே பிறந்தவராகவோ குடியுரிமைச் சான்றிதழ் உள்ளவராகவோ இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழோடோ குடியுரிமைச் சான்றிதழோடோ சேர்த்துக் கொடுத்தால்தான் என்.ஐ. கடிதத்துக்கு மதிப்பு. தனியே அது வரி இலக்கம், வேலை உரிமைக்குச் சான்று அல்ல. அக்காவைக் குழப்பாதீர்கள்.

அக்கா, துப்புரவு நிறுவனமொன்றில் ஆட்களைச் சேர்க்கும் கோப்புகளைப் பார்ப்பது என் வேலை. உங்கள் உரிமை அப்படியே இருக்கிறது, அதில் பயம் வேண்டாம். ஆனால் ஸ்டிக்கர் நடப்புக் கடவுச்சீட்டில் இருந்தால்தான் வேலை கொடுப்பவர் அதைச் சான்றாக எடுக்கலாம். 2010இல் நீங்கள் கடையில் சேர்ந்தபோது அந்தக் கடவுச்சீட்டு செல்லுபடியாக இருந்தது. நிரந்தர வதிவிடக்காரரை ஒருமுறை சரியாகப் பார்த்துவிட்டால் அதே வேலையில் இருக்கும்வரை மறுபடி பார்க்கத் தேவையில்லை. அதனால்தான் இத்தனை ஆண்டுகளாக யாரும் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளையைக் கோபிக்காதீர்கள். உரிமை இல்லாத ஒருவரைச் சரிபார்க்காமல் சேர்த்துவிட்டால், 2024 பெப்ரவரி 13இலிருந்து வேலை கொடுப்பவருக்கு முதல் தடவைக்கே ஆளுக்கு 45,000 பவுண் வரை தண்டம், திரும்பவும் நடந்தால் 60,000 வரை. எங்கள் முதலாளிக்கும் இதே நடுக்கம்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது 'நோ டைம் லிமிட்' விண்ணப்பம். புதிதாக அனுமதி கேட்பது அல்ல இது. உள்ள அனுமதியை ஈ-விசாவாக, அதாவது இணையத்தில் உள்ள பதிவாக, மாற்றிக்கொள்வது. அட்டை இனி வராது. பி.ஆர்.பி. அட்டை வைத்திருந்தவர்களுக்கே அட்டையின் முடிவுத் திகதியாக 2024 டிசம்பர் 31 போட்டிருந்தது; அதைப் பார்த்து எத்தனை பேர் வதிவிடமே போய்விட்டது என்று வீணாகப் பதறினார்கள்!

ஈ-விசா வந்ததும் கணக்கில் நுழைந்து ஷேர் கோட் எடுக்கலாம். எழுத்தும் இலக்கமும் கலந்து மொத்தம் ஒன்பது வரும். வேலைக்கானது டபிள்யூவில் (W) தொடங்கும், வீட்டு வாடகைக்கு எடுப்பது ஆர் (R) எழுத்தில் தொடங்கும், மாற்றி அனுப்பிவிடாதீர்கள். தொண்ணூறு நாளுக்குச் செல்லும். உங்கள் திரையைப் படம் எடுத்து அனுப்பிப் பயனில்லை. வேலை கொடுப்பவர்களே தங்கள் பக்கத்தில் அந்தக் குறியீட்டையும் உங்கள் பிறந்த திகதியையும் போட்டு, வருகிற படமும் நீங்களும் ஒன்றா என்று பார்க்க வேண்டும்.

அப்பாவின் பிள்ளை:

போன ஆண்டு அப்பாவுக்கு இதே விண்ணப்பத்தை நான்தான் போட்டேன். படிவம் பெரிய காரியமில்லை, கடதாசி தேடுவதுதான் வேலை. இங்கேயே தொடர்ந்து வாழ்ந்ததற்கு ஆண்டுக்கு ஒன்றாக ஏதாவது வைத்தேன்: பி60 (ஆண்டுச் சம்பள, வரிச் சான்று), கவுன்சில் வரிக் கடிதம், வைத்தியசாலைக் கடிதம். இது முக்கியம். இரண்டு ஆண்டுக்கு மேல் தொடர்ந்து வெளிநாட்டில் இருந்துவிட்டால் ஐ.எல்.ஆர். பொதுவாக இல்லாமல் போய்விடும். நீங்கள் பதினைந்து ஆண்டுகள் ஒரே கடையில் நின்றவர், பி60களே பேசும்.

பெயர் விஷயத்துக்குத் திருமணப் பதிவுப் பத்திரமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் வையுங்கள். எங்கள் அப்பாவின் பெயர் ஒரு தாளில் முன்னும் ஒரு தாளில் பின்னுமாக இருந்தது. நம் பெயர்களில் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை, அப்பாவின் பெயரைத்தான் போடுவோம் என்று அரைப் பக்கம் விளக்கம் எழுதி வைத்தேன். அதைப் பற்றி யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

படிவம் நிரப்பித் தருகிறேன் என்று 400 பவுண் கேட்ட ஒருவரிடம் பதிவு இலக்கம் கேட்டேன். அதன்பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. பதிவில்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது இந்த நாட்டில் குற்றம், அக்கா.

ஹரோ அக்கா:

எல்லாருக்கும் நன்றி. இல்லத்தின் முகாமையாளரிடம் நடந்ததைச் சொல்லி, நிலைமையை எழுத்திலும் கொடுத்தேன். ஷேர் கோட் வரும்வரை சேர்க்க முடியாது, ஆனால் இடத்தை வைத்திருக்கிறோம் என்றார். மூலை வெட்டிய கடவுச்சீட்டை மகன் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிட்டான். பி60களில் 2016 மட்டும் காணவில்லை. தையல் இயந்திரத்துக்குக் கீழே ஒரு பை இருக்கிறது, இன்றிரவு அதைக் கொட்டிப் பார்க்கப் போகிறேன்.

ஹரோ அக்கா (பிறகு எழுதியது):

வந்துவிட்டது. டபிள்யூவில்தான் தொடங்குகிறது, மூன்று தடவை பார்த்தேன். அந்தப் பிள்ளை என்னை எதிரில் உட்கார வைத்துத் திரையில் போட்டாள். கைரேகை கொடுத்த நாளில் எடுத்த படம், தலைகூட ஒழுங்காக வாரவில்லை. திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்கள்தான்" என்றாள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.