மறு: ‘தகுதிசார் விலக்குரிமை’ வேண்டாம்

> ‘தகுதிசார் விலக்குரிமை’ என்றே வைத்துக்கொள்ளலாம். அகராதிப் பொருளும் பொருந்துகிறது.

ஐயா, வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் ‘qualified immunity’ என்பதற்கு அது பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன். இழப்பீட்டு வழக்கிலிருந்து அமெரிக்கக் காவலர்களைக் காக்கும் இந்தக் கோட்பாட்டில் யாருடைய தகுதியையும் யாரும் அளப்பதில்லை. தீர்ப்பு சொன்னதற்காக நீதிபதிமேல் இழப்பீட்டு வழக்குப் போட முடியாது. அது முழு விலக்கு. காவலருக்குக் கிடைப்பது வரம்புக்கு உட்பட்ட விலக்கு. ‘தகுதி’ என்று எழுதினால், நல்ல அதிகாரி என்பதால் கிடைத்த சலுகை என்று படிப்பவர் எண்ணிவிடுவார்.

‘உரிமை’யும் உறுத்துகிறது. உரிமையைப் பறித்த அதிகாரிமேல் வழக்குத் தொடரக் குடிமக்களுக்கு வழிசெய்தது 1871ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம். அதன் வாசகத்தில் இந்த விலக்கே இல்லை. 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு விதை போட்டது. 1982இல் இன்றைய வடிவம் கொடுத்தது. மீறப்பட்ட உரிமை முந்தைய தீர்ப்புகளால் முன்பே தெளிவாக நிலைநாட்டப்பட்டிருந்தால்தான் அதிகாரி பொறுப்பாவார்.

இந்த ‘முன்பே’ என்ன செய்கிறது என்பதற்கு அமெரிக்காவின் நாஷ்வில் நகர வழக்கு ஒன்று போதும். ஒருவர் நிலவறையில் கைகளைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தபோது தம்மீது காவல் நாயை ஏவினார்கள் என்றார். அக்குளில் கடி. தரையில் படுத்துச் சரணடைந்தவர்மீது நாயை ஏவியது தவறு என்று முன்தீர்ப்பு ஏற்கெனவே இருந்தது. இவர் படுத்திருக்கவில்லை, உட்கார்ந்திருந்தார். அதனால் அந்த முன்தீர்ப்பு போதாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். 2020இல் உச்ச நீதிமன்றமும் விசாரிக்க மறுத்துவிட்டது. கையைத் தூக்கியவருக்கு இல்லாத ‘உரிமை’யை நாயை ஏவியவருக்கு நம் சொல்லாலும் சேர்த்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எனவே என் பரிந்துரை: வரம்புடை வழக்குவிலக்கு. நீதிபதிக்கு உரியதை முழு வழக்குவிலக்கு என்றால் இரண்டும் இணையாக நிற்கும். ‘தண்டனை விலக்கு’ என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார்; அது தவறு. குற்ற வழக்கில் இந்தக் கவசம் செல்லாது. ஜார்ஜ் ஃபிளாய்டைக் கொன்ற மினியாபொலிஸ் காவலர் 2021இல் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானதை எல்லோரும் அறிவோம். உரிமையியல் வழக்குக்கு மட்டுமே உரியது என்பதைச் சொல்லுக்குள் திணித்தால் நீண்டுவிடும். விளக்கத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடலாம்.

பட்டியலில் அடுத்த சொல்லான ‘excessive force’ என்பதற்கு ‘மிகைப்பலம்’ என்பது உடல்வலுவைப் போல ஒலிக்கிறது. ‘வரம்பு மீறிய பலப்பிரயோகம்’ நல்ல தமிழ்தான். ஆனால் ஒரே பத்தியில் இரண்டு ‘வரம்பு’ வந்தால் குழப்பம். ‘அளவு மீறிய பலப்பிரயோகம்’ என்று வைத்துக்கொள்ளலாமா?